பட்டு மடியில் பூவம்மாள் கை

காலையில் பால் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் அம்சம் காலண்டரில் தேதி கிழிப்பாள். சரக்கென்று இழுக்கமாட்டாள். இடது உள்ளங்கையால் தாள்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் தாளின் மேல்விளிம்பை ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரு தடவை மடித்து நீவுவாள். மடிப்பு விழுந்தபின் மூலையிலிருந்து மெல்ல, புண்ணின் மேல் ஒட்டிய பிளாஸ்திரியை உரிப்பதுபோலப் பிரிப்பாள். பிசிறில்லாமல் வந்துவிடும். நேற்றைய தேதி, நேற்றைய ராகுகாலம், நேற்றைக்கு யாருக்குச் சந்திராஷ்டமம் என்பதெல்லாம் முன்பக்கம். பின்பக்கம் வெள்ளை. அந்த வெள்ளைதான் அவளுக்கு வேண்டியது. அதை ஒரு பென்சிலின் மேல் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, சுருக்குப்பையில் செருகிக்கொண்டு பால் செம்பை எடுப்பாள்.

உரக்கடைக் காலண்டர்தான் வேண்டும். நகைக்கடைக் காலண்டரில் சாமி படம் பளபளப்பாக இருக்கும், தாள் மட்டும் வெங்காயச் சருகு. பென்சில் பட்டால் கிழியும். மார்கழி பிறந்ததுமே உரக்கடையில் போய் நின்றுவிடுவாள். “மூட்டை வாங்குறவங்களுக்குத்தாம்மா காலண்டர்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். “மூட்டையை வயல்ல வீசுறவ யாரு, நீங்களா?” என்று கேட்டு வாங்கிவந்தாள்.

வலங்கைமானுக்குத் தெற்கே, குடமுருட்டியிலிருந்து பிரிந்துவரும் ஒரு வாய்க்காலை ஒட்டியது அவள் ஊர். வயது நாற்பத்தாறு. எட்டாவதோடு படிப்பு நின்றது. நடவு, களை, அறுப்பு என்று வயல் வேலை. அது இல்லாத நாளில் நூறுநாள் வேலை. பதினோரு மணிக்கு டீ வந்ததும் மற்ற பெண்கள் வெற்றிலைப் பையைப் பிரிப்பார்கள். அம்சம் வாய்க்காலில் கையை அலசி, முந்தானையில் இரண்டு தடவை துடைத்துவிட்டு, ரப்பர் பேண்டை அவிழ்ப்பாள்.

வரைவது கைகளை மட்டும். ஒரு நாளைக்கு ஒரு கை.

“மூஞ்சியப் போட்டா, நான் இப்படியா இருக்கேன்னு சண்டைக்கு வருவாளுவ. கை சண்டைக்கு வராது” என்பாள்.

தொடங்கியதும் ஒரு கையில்தான். நாலு வருஷம் முன்னால் அவள் புருஷன் மருதையன் டிராக்டரிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தால் அவள் கண்ணுக்கு நேரே அந்த மாவுக்கட்டுப் போட்ட கைதான் தெரியும். பேச ஆளில்லை. நர்ஸ் கிழித்துப்போட்ட காலண்டர் தாளில், நர்ஸ் கொடுத்த பேனாவில், அந்தக் கையை வரைந்தாள். மறுநாள் மறுபடியும் வரைந்தாள். பதினோரு தாளையும் பார்த்த மருதையன், “ஒரே கையத்தானடி போட்டிருக்க” என்றார். “நல்லாப் பாருங்க. ஒவ்வொரு நாளும் வீக்கம் வத்தியிருக்கு” என்றாள் அம்சம். அவர் திரும்பப் பார்த்தார். வற்றித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபிறகும் நிற்கவில்லை. தாள்களைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் கம்பியில் குத்தி வைப்பாள். வருஷத்துக்கு ஒரு கம்பி. ஊர் சும்மா இருக்குமா? இதை வச்சு என்ன பண்ணப் போற என்பார்கள். “நீ சீரியல் பார்த்து என்ன பண்ணின?” என்பாள். தஞ்சாவூரில் பி.எட். படிக்கும் மகள் கனிமொழி, அட்டை போட்ட பெரிய படம் வரையும் நோட்டு ஒன்றை வாங்கிவந்து கொடுத்தாள். அம்சம் அதைப் புரட்டிப் பார்த்தாள். “இதுல தேதி இல்லையே” என்று சொல்லி, அரிசி டின்னுக்கு மேல் வைத்துவிட்டாள்.

அந்தக் கம்பிகளில் அதிகமாகத் தொங்கியது பூவம்மாளின் கை.

பூவம்மாள் அவளுக்குப் பெரியம்மா முறை, நாலு வீடு தள்ளி. அறுபத்தாறு வயது. நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போவதும் கூலி பேசுவதும் அவர்தான். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் நாற்றைச் சேற்றில் செருகிச் செருகி நகம் பாதியாகத் தேய்ந்திருக்கும். உள்ளங்கை ரேகைகளில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது. சும்மா இருக்கும்போதும் அந்த மூன்று விரல்களும் சேர்ந்தே இருக்கும், நாற்று இன்னும் கையில் இருப்பதுபோல.

“ஏ புள்ள, எங் கையப் போட்டுப் போட்டே தேய்ச்சிராத. நாளைக்கு நடவுக்கு வேணும்” என்பார்.

“ஆடாம இருங்க பெரியம்மா.”

“ஆடாம இருந்தா நான் செத்துட்டேன்னு அர்த்தம். அப்ப வந்து போடு.”

அந்தக் கை ஒரே ஒரு தடவை ஊரையே நிறுத்தியது. போன வருஷம் மேலத்தெரு மிராசு வீட்டு வயலில் நடவு. குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். வீட்டு ஆள் ஒரு பிளாஸ்டிக் கேனில் கொண்டுவந்தான். பூவம்மாள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பூச்சிமருந்து இருந்த கேன். கழுவித்தான் கொண்டு வந்தேன் என்றான் அவன். “அப்ப நீ மொதல்ல குடி” என்றார் பூவம்மாள். அவன் குடிக்கவில்லை. பூவம்மாள் கேனைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை வரப்பில் ஊற்றிவிட்டு, பன்னிரண்டு பெண்களையும் கரையேறி உட்காரச் சொன்னார். மிராசு வீட்டு மரகதம் அம்மாளே கார் அனுப்பினார், ஆள் அனுப்பினார். மதியம் ஒரு மணிக்குக் குடத்தில் தண்ணீர் வந்தது. அதுவரை யாரும் வயலில் கால் வைக்கவில்லை. அன்றைய தாளில் அம்சம் வரைந்தது, கவிழ்த்த கேனைப் பிடித்திருந்த கை.

இந்தப் புரட்டாசியில், சம்பா நடவு முடிகிற வாரம், பூவம்மாள் காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்.

மகன் முருகையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். பஸ்ஸில் வரும்போதே போனில் எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டான். அவன் வந்து இறங்குவதற்கு முன்னால் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வந்து இறங்கிவிட்டது. ஒன்று தெருமுனையில், ஒன்று கடைத்தெருவில். அம்சம் தெருமுனையில் நின்று பார்த்தாள்.

பூவம்மாளுக்கு இருந்த ஒரே போட்டோ ஆதார் அட்டையில் இருந்தது. அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதை வெளுப்பாக்கி, கத்திரிப்பூ நிறப் பட்டுப்புடவை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓர் உடம்பில் பொருத்தியிருந்தார்கள். மடியில் இரண்டு கைகள். கொழுகொழுவென்று, விரலுக்கு விரல் மோதிரம், நகமெல்லாம் ரோஸ் நிறம்.

அம்சம் அதுவரை நன்றாகத்தான் அழுதுகொண்டிருந்தாள். கையைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

“இது யாரு கை?” என்றாள்.

பக்கத்தில் நின்ற கலைமகள், பூவம்மாளோடு நடவுக்குப் போகும் பன்னிரண்டு பேரில் ஒருத்தி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். “கைய வுடு. இந்தச் சேலைய எங்கயோ பார்த்திருக்கேன்டி.” போனை எடுத்து எதையோ தேடினாள். போன மாதம் மேலத்தெருவில் ஒரு சாவு. அந்த ஃபிளெக்ஸ் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் சுற்றியது. அதே கத்திரிப்பூப் பட்டு. அதே நாற்காலி. அதே மோதிரங்கள். மேலே மட்டும் வேறு முகம். மிராசு வீட்டு மரகதம் அம்மாள்.

“அடக் கடவுளே. அந்தம்மா ஒடம்புல நம்ம பெரியம்மா தலையா?” என்றாள் கலைமகள். சாவு வீட்டு வாசலில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்சத்துக்குச் சிரிப்பு வரவில்லை. “யாருட்டயும் சொல்லாத” என்றாள். “சொன்னா முருகையன் தாங்கமாட்டான். மொதல்ல எடுத்து அடக்கம் பண்ணட்டும்.”

அடக்கம் முடிந்தது. பதினாறாம் நாள் கருமாதியோடு படத்திறப்பு. பெரிய படமாகச் சட்டம் போட்டு, துணியால் மூடி வைத்து, ஒருவர் திறந்து வைப்பார். நாலு பேர் பேசுவார்கள். அதன் பிறகு அந்தப் படம் அந்த வீட்டுச் சுவரிலேயே இருக்கும். பேரன் பேத்தி எல்லாம் அதைப் பார்த்துத்தான் பூவம்மாள் இப்படி இருந்தார் என்று தெரிந்துகொள்ளவேண்டும். ஃபிளெக்ஸ் நாளைக்கு ஏதாவது மாட்டுக்கொட்டகைக்குக் கூரை ஆகிவிடும். படம் ஆகாது.

ஐந்தாம் நாள் அம்சம் முருகையனிடம் போனாள்.

“தம்பி, படத்துக்கு எந்தப் போட்டோ குடுத்திருக்க?”

“அதேதான்க்கா. ஃபிளெக்ஸ்ல இருந்ததுதான். நல்லாத்தானே இருந்துச்சு?”

“முகம் அவங்க முகம். கை அவங்க கை இல்ல. நான் அவங்க கைய எத்தனையோ வரைஞ்சு வச்சிருக்கேன். அதப் பார்த்து மாத்தச் சொல்லேன்.”

முருகையன் கெட்டவன் இல்லை, மாதம் தவறாமல் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனவன். “எங்கம்மா உசுரோட இருந்தவரைக்கும் ஒரு பட்டு கட்டினதில்லைக்கா. கல்யாணத்துக்குக் கூட நூல் சேலைதான். செத்த பொறவும் சேத்துக் கையோடதான் சொவத்துல தொங்கணுமா? என் பொண்டாட்டி வீட்டுக்காரங்க வருவாங்க. அந்த நகத்தப் பார்க்கணுமா?”

வாயாடி என்று பெயர் வாங்கிய அம்சம் எழுந்து வீட்டுக்கு வந்தாள்.

இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. காலண்டர் தாளைக் கிழித்தாள், வரையவில்லை. மருதையன் கேட்டார்: “என்னடி, கை வேலைநிறுத்தமா?”

“பட்டு கட்டணும்ங்கிறது அவன் ஆசை. அது தப்பில்லங்க. அதுல நான் வாய் வைக்கக் கூடாது.”

“அப்ப வுட்டுடு.”

“பட்டு இருக்கட்டும். அந்தக் கேனைக் கவுத்த கை எங்க போச்சு? அதுக்குப் பதிலா, கேனைக் குடுத்தனுப்புன வீட்டுக் கையவா வச்சுக் கும்புடறது?”

மருதையன் சட்டையைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “மாத்தினா அவன் திட்டுவான்.”

“திட்டட்டும். படத்துல இருக்கப்போறது நானில்லையே.”

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. கம்பிகளிலிருந்து பூவம்மாளின் கைகளையெல்லாம் உருவி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, மகளிர் இலவச பஸ்ஸில் வலங்கைமான் போனாள். கடைத்தெருவில் ஃபிளெக்ஸ் கடை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படம் பொருத்துகிறவன் யூனுஸ். முப்பது வயதிருக்கும், ரெண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். அம்சம் எதையும் சுற்றி வளைக்கவில்லை. கலைமகளிடம் அனுப்பச் சொல்லி வாங்கிய மரகதம் அம்மாள் ஃபிளெக்ஸ் படத்தைப் போனில் காட்டினாள்.

“இது என்ன தம்பி?”

யூனுஸின் முகம் செத்துவிட்டது. “அக்கா… பட்டு கட்டி உக்காந்த மாதிரி தெளிவா இருந்த போட்டோ இது ஒண்ணுதான். அவசரமா கேட்டாங்க. வேற வேற ஊருன்னு நெனச்சுட்டேன்.”

“ஒரே ஊரு. தெருதான் வேற.”

“முதலாளிக்குத் தெரிஞ்சா என்னத் தொலைச்சுடுவார்க்கா.”

“நான் சொல்லப்போறதில்ல. சேலை இருக்கட்டும். இந்தக் கையை எடுத்துட்டு இத வை.” பையைக் கவிழ்த்தாள்.

யூனுஸ் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தான். வேகமாகப் பார்க்கத் தொடங்கியவன், பிறகு மெதுவானான். ஒன்றை ஸ்கேனரில் வைத்தான். திரையில் கை வந்தது. கூடவே பின்பக்கத்திலிருந்து பெரிய சிவப்பு எண் ஒன்று உள்ளங்கைக்கு நடுவே திருப்பிப் போட்டதுபோலத் தெரிந்தது. இன்னொன்றில் ஆட்காட்டி விரலின் மேல் எமகண்டம் தலைகீழாக ஓடியது.

“தாள் மெல்லிசுக்கா. எல்லாம் தெரியுது. அதோட இது பென்சில். அது கலர் போட்டோ. ஒட்டாது.”

அம்சம் யோசித்தாள். “கலர்ல வரைஞ்சு குடுத்தா?”

“பெரிசா வரையணும். ஒரு முழத்துக்காவது. வரைஞ்சிருக்கீங்களா?”

“இல்ல.”

“அப்ப எப்படிக்கா?”

“நட்ட வயலு எல்லாம் மொத நாளு நடாத வயலுதானே” என்றாள் அம்சம். எதிர்ப்பக்கத்து ஸ்டேஷனரியில் போஸ்டர் கலர் டப்பாவும் இரண்டு பிரஷ்ஷும் வாங்கிவந்தாள். தப்பாக அச்சாகி ஒதுக்கிக் கிடந்த ஒரு ஃபிளெக்ஸை யூனுஸ் விரித்துக் கொடுத்தான். முன்பக்கம் யாரோ ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா. அதைக் கவிழ்த்து, வெள்ளைப் பக்கத்தில், கடைத் தரையில் மண்டியிட்டாள்.

கொண்டுவந்த தாள்களை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. முதலில் வந்த பழுப்பு செங்கல் மாதிரி இருந்தது. துடைத்தாள். கறுப்பைச் சேர்த்தாள், செத்த கை ஆகிவிட்டது. மறுபடியும் துடைத்தாள். கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சிவப்பு, ஓரத்தில் துளி நீலம். ஃபிளெக்ஸ் கலரை உறிஞ்சாது. ஒவ்வொரு பூச்சையும் மின்விசிறிக்குக் கீழே காயவிட்டுப் பூசினாள். ஃபிளெக்ஸ் வாங்க வந்தவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். “இந்தக் கடையில ஆளுங்களே படம் போடுறாங்களா இப்ப?” என்று ஒருவர் கேட்டார். “ஆமா, கரண்ட் இல்லாட்டியும் ஓடும்” என்றாள் தலை நிமிராமல்.

மூன்று மணிக்கு எழுந்தாள். முழங்கால் இரண்டும் நீட்ட வரவில்லை. தரையில் ஒரு ஜோடிக் கை மடிமேல் வைத்ததுபோலக் கிடந்தது, மடி இல்லாமல். வலது கையின் மூன்று விரல்கள் சேர்ந்திருந்தன.

யூனுஸ் நாற்காலி மேல் ஏறி நின்று போனில் படம் பிடித்தான். கம்ப்யூட்டரில் ஏற்றி, மோதிரக் கைகளை அழித்து, இதைப் பொருத்தினான். பட்டின் சரிகைக் கரைக்குக் கீழே பூவம்மாளின் கை வந்து உட்கார்ந்தது.

“இப்ப முகத்த மட்டும் பாரு தம்பி. கை ஒருத்தருது, முகம் ஒருத்தருது மாதிரி இருக்கு.”

“அது… கொஞ்சம் கலரா இருக்கட்டுமேன்னு பிரைட் பண்ணினேன்க்கா.”

“அந்தப் பவுடரையும் கழுவிடு.”

கழுவினான். அவள் கிளம்பும்போது பின்னாலிருந்து சொன்னான்: “முருகையண்ணன் கேட்டா நான் என்னக்கா சொல்றது?”

“அம்சம் சொன்னதாச் சொல்லு. என் வீடு அவனுக்குத் தெரியும்.”

பதினாறாம் நாள். வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் மேசைமேல் வெள்ளைத் துணி மூடிய படம். முருகையனின் மாமனார் வீட்டார் முன்வரிசையில் இருந்தார்கள். நடவுப் பெண்கள் பின்னால் பாயில். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கிளைச் செயலாளர் நாலு வார்த்தை பேசிவிட்டுத் துணியை இழுத்தார்.

பட்டு பளபளத்தது. அதற்கு மேலே வெயில் பட்ட அந்தப் பழைய முகம். கீழே அந்தக் கை. பாயில் இருந்து ஒரு பெண், “பெரியம்மா” என்றாள், கூப்பிடுவதுபோல.

முதலில் எழுந்தவர் முருகையனின் மாமனார். “என்ன மாப்புள இது? கையெல்லாம் இப்படி, சேத்துல எடுத்த மாதிரி… கடைக்காரன் ஏதோ தப்புப் பண்ணிட்டான். எறக்கச் சொல்லுங்க. மரியாதையா ஒரு படம் வைக்கத் தெரியல.”

முருகையன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வாயைத் திறக்கவில்லை.

அம்சம் எழுந்து முன்னால் வந்து, படத்துக்கு முதுகு காட்டி நின்றாள். “கடைக்காரர் தப்பு இல்லைங்க. நான்தான் மாத்தினேன்.”

“நீ யாரும்மா?”

“இந்தக் கைகூட சேர்ந்து நட்டவ. இத எறக்கணும்னா எறக்குங்க. ஆனா பழைய படத்துல இருந்த கை யாருதுன்னு தெரிஞ்சுகிட்டு எறக்குங்க.” கலைமகள் போனை நீட்டினாள். அம்சம் வாங்கி அவர் முன்னால் பிடித்தாள். “மேலத்தெரு மிராசு வீட்டம்மா. போன மாசம் தவறினவங்க. அவங்களக் குத்தம் சொல்லல, செத்தவங்க. ஆனா அந்தக் கைக்கு மாலை போட அந்த வீட்டுல ஆள் இருக்கு. இந்தக் கைக்கு நாமதான் போடணும்.”

போன் வரிசையாகக் கை மாறியது. யாரோ ‘ஆமாப்பா’ என்றார்கள். மாமனார் போனைத் தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்தார். “அதுக்காக… சேறு எதுக்கு?” என்றார், குரல் இறங்கி.

“சேறு இல்லைங்க. அதான் அவங்க கலரு” என்றாள் அம்சம். “அந்தக் கைதான் உங்க மாப்புளையப் படிக்க வச்சுச்சு. அத மறைச்சுட்டு மேல பட்டப் போர்த்துனா, பட்டுக்குத்தான் மரியாதை.”

பந்தல் முழுக்க முருகையனைப் பார்த்தது. அவன் மேசையருகே போனான். கழற்றப் போகிறான் என்றுதான் அம்சம் நினைத்தாள். மேசைக்கு முன்னால் இன்னும் ஓரடி நகர்ந்து நின்றாள். அவன் அவளைச் சுற்றிக்கொண்டு போய் மாலையை எடுத்துப் படத்துக்குப் போட்டான். மாலை கைகளை மறைத்தது. இரண்டு பக்கமும் இழுத்து, கை தெரியும்படி ஒதுக்கிவிட்டான். “பத்தி கொளுத்துங்க” என்றான் யாரிடமோ.

அதோடு சரி. அம்சத்திடம் ஒரு வார்த்தை இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் எதிரே வந்தபோதும் இல்லை. மறுநாள் விடிகாலை பஸ்ஸில் திருப்பூர் போய்விட்டான். “சபையில வச்சு அவமானப்படுத்திட்டோம்னு நெனப்பான்” என்றார் மருதையன். “நெனச்சுக்கட்டும்” என்றாள் அம்சம். பொங்கலுக்கு வந்தபோதும் அவன் அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவளும் போகவில்லை. தினம் ஒரு கை வரைந்துகொண்டுதான் இருந்தாள். இப்போது வாரத்துக்கு ஒன்று கலரில், ஃபிளெக்ஸின் முதுகில்.

பங்குனியில், கழித்த ஃபிளெக்ஸ் கேட்டு அவள் மறுபடி யூனுஸின் கடைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அவள் அன்றைக்குக் கடையிலிருந்து இறங்கிய பத்தாவது நிமிஷம் யூனுஸ் பயந்துபோய் முருகையனுக்குப் போன் போட்டு, யாருடைய உடம்பு என்பது உட்பட எல்லாவற்றையும் சொல்லி, படத்தையும் அனுப்பிவிட்டிருக்கிறான்.

“அண்ணன் படத்தப் பார்த்தாருக்கா. அப்புறம், இதையே பிரிண்ட் அடிச்சுடுன்னாரு. ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்தச் சொன்னாரு.”

“தெரிஞ்சுகிட்டேதான் அங்க ஊமையா நின்னானா? நான் அவ்வளவு பேருக்கு நடுவுல கத்திகிட்டுக் கெடந்தேன்ல, வாயத் தொறந்திருக்கலாம்ல?” என்றாள் அம்சம். பிறகுதான் கேட்டாள்: “என்ன மாத்தச் சொன்னான்?”

வலது மணிக்கட்டுக்கு மேல் ஒரு தீச்சூட்டுத் தழும்பு. அடுப்பிலிருந்த உலைப்பானையை மூன்று வயது முருகையன் இழுத்தபோது குறுக்கே நீட்டிய கை அது. வயலில் பூவம்மாள் எப்போதும் மகனின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தார். நாலு வருஷம் அந்தக் கையை வரைந்த அம்சத்தின் ஒரு தாளில்கூட அந்தத் தழும்பு இல்லை. முருகையன் போனில் சொல்லச் சொல்ல, யூனுஸ் அதை மவுஸால் வரைந்து சேர்த்திருக்கிறான்.